கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை: நிர்வாகக் குழுவுக்கு ஆள் எடுத்த ஆயிரம் ஆண்டு வரலாறு

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. பிறகு 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்கும் அறக்கட்டளைகளிலும் சங்கங்களிலும் நிர்வாகியாக யாரை உட்கார வைப்பது? இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே போனால் வரும் உத்திரமேரூரில், அந்தக் கேள்விக்கு விடை கல்லிலேயே இருக்கிறது.

ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் விதியைச் சொல்பவை சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919, மற்றொன்று 921. கல்வெட்டு அறிஞர் வெங்கையா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் வெளியிட்டார். முதல் விதி 30 முதல் 60 வயது என்றது. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆனது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும்.

தகுதியின்மைப் பட்டியல்தான் இன்னும் கூர்மையானது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல. அவருடைய மகன், தந்தை, உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், மருமகன், அத்தை மகன், மாமன் மகன் எல்லோருமே விலக்கப்பட்டார்கள். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரும் நிற்க முடியாது. சொந்தபந்தம் மாற்றி மாற்றிப் பதவியைக் கைக்குள் வைத்துக்கொண்ட அனுபவம் இல்லாமல் இப்படியொரு விதி பிறந்திருக்காது.

தேர்வு நாளில் சிறியவர், பெரியவர் எல்லோரும் சபையில் கூடினார்கள். ஊரின் 30 குடும்புகளுக்கும் (வார்டுகளுக்கும்) தனித்தனியே பெயர் எழுதிய ஓலைக் கட்டுகள் குடத்தில் இடப்பட்டன. கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் குலுக்கப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓலை வரும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பான். கூடியிருந்த நம்பிமார் அனைவரும் திரும்ப வாசிப்பார்கள். தேர்வான 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள்.

ஊர் நிர்வாகத்தை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டதாக இதை நினைப்பது பிழை. தகுதி பார்த்து வடிகட்டிய பிறகே பெயர் குடத்துக்குள் போனது; குலுக்கல் செல்வாக்கை மட்டுமே வெளியே நிறுத்தியது. ஆனால் இதை மக்களாட்சி என்று கொண்டாடுவதும் மிகை. அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. ஏரி நீரை நம்பி வயலில் இறங்கிய உழவர்களின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

சங்கங்களுக்கு இப்போது வழிகாட்டுவது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குழுவில் குறைந்தது மூன்று பேர். பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகக் கூடாது. அதே நபர் மீண்டும் வரலாம். உத்திரமேரூர் கட்டாய இடைவெளி வைத்த இடத்தில் இந்தச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நிறுவியவரே ஆண்டுக்கணக்கில் செயலாளராக நீடிக்க அதில் தடை இல்லை. இந்த விஷயத்தில் சோழர் காலத்து விதியே மேல்.

யாரை உள்ளே விடுவது என்பதில் மட்டும் காலம் முன்னேறியிருக்கிறது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் இன்றைய வடிவில், கோயில் அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவரும் பெண் ஒருவரும் இடம்பெற வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒரகடத்து அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய், நிலமோ சொத்தோ இல்லாமலே உறுப்பினர் ஆகலாம். கூட்டம் நடக்கும் பிற்பகலில் அவர் ஆலையில் ஷிப்டில் இருந்தால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. கூட்ட நேரத்தை மாற்றி வைக்கும் தலைமையாசிரியரிடம்தான் அது இருக்கிறது.