வானமே சாட்சி

விஞ்ஞானத்தை ஆர்வம் ஊட்டும் வகையிற் கற்பிப்பது எவ்வாறு என்னும் வினா இன்று எழுந்ததன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் மக்களிடையே அது எழுந்தது. அக்காலத்து நிகழ்ச்சிகள் சிலவற்றைச் சங்க அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிழக்கிந்தியக் கும்பினியார் சேவையில் இருந்த ஜோன் உவாரன் என்பவர், தென்னாட்டார் காலங் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து, ‘காலசங்கலித’ என்னும் நூலை 1825ஆம் ஆண்டிற் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியிலே பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் சந்தித்தார். அப்பெரியார் தாளையோ எழுதுகோலையோ தொடவில்லை. தரையிலே சோழிகளை வைத்தும் நகர்த்தியும், மனனம் செய்த வாக்கியங்களைச் சொல்லியும், அவ்வாண்டு மே மாதம் 31ஆம் திகதிச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் நேர்ந்த பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். சோழிகளைக் கொண்டு இவ்வளவு செய்தது வியப்பன்றோ?

ஆனால், அக்கணக்கின் காரணம் அவருக்குச் சிறிதும் விளங்கவில்லை என்றும், அவரிடம் இருந்தது வலிய ஞாபக சக்தியே என்றும் உவாரன் குறித்துள்ளார். இவ்விடத்திலே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். பூமியின் நிழலே சந்திரனை மறைக்கிறது என்பதை 499ஆம் ஆண்டிலேயே ஆரியபடர் எடுத்துரைத்தார். காரணத்தை அறிந்திருந்த ஒரு மரபு, காலப்போக்கில் வாய்பாட்டை மாத்திரம் கைக்கொண்டு காரணத்தை நழுவவிட்டது.

நான்கு ஆண்டுகள் சென்றன. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய செமினரிக்கு டானியல் பூவர் பாதிரியார் தலைவராக இருந்தார். பஞ்சாங்கம் கணித்து வந்த விசுவநாத சாஸ்திரியார், 1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி நிகழவிருந்த சந்திரகிரகணத்துக்கு நேரங் குறித்திருந்தார். பூவர் தம் முறைப்படி கணித்துப் பார்த்தபோது வேற்றுமை தோன்றியது. எது சரி என்று தீர்ப்பவர் யார்? இரு சாராரும் வானத்தைப் பார்த்தனர். அன்று பாதிரியாரின் கணிப்பே பொருந்தியது.

பூவர் இதனை விஞ்ஞானத்துக்காக மட்டும் செய்தாரல்லர். புராணங்களின் மேலுள்ள நம்பிக்கையைத் தளர்த்துவதும் அவர் எண்ணம். அதனை மறைத்துப் பேசுதல் வரலாறு ஆகாது. எனினும், வானம் எந்தச் சமயத்தின் பக்கமும் சார்ந்து நிற்பதில்லை. கணக்கு எவருடையது என்று அது கேட்பதில்லை. சரியா பிழையா என்று மாத்திரம் காட்டும். மாணவனும் முதியவனும் ஒரே முற்றத்தில் நின்று கண்ணாற் காணக்கூடிய பாடம் அதனைப்போல் வேறொன்றில்லை.

அடுத்து, 1848ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. செமினரியின் பிற்காலத் தலைவரான ஹொய்சிங்டன், இந்துக்களின் வானசாத்திரத்தை விளக்கும் நூலொன்றை அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். பிழை கண்டவர்களே நம் நூல்களைக் கற்கவும் முற்பட்டனர். அவ்வாண்டிலேயே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மாணவருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. நாவலரும் கிறீனும் 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். இருவர் வழியும் வேறு. தமிழிற் கற்பித்தல் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

கிறீன் முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். பின்னர், ஊர்மக்களிடையே வாழ்ந்து தொண்டு செய்யும் வைத்தியர்கள் வேண்டுமாயின் தமிழே ஏற்றது எனத் தெளிந்தார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருட் பாதிக்கும் அதிகமானோர் தமிழிலே கற்றவர்கள். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், இரசாயனம் பற்றிய ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. பின்னைய நூலின் பெயரைக் கேட்டு இன்று நாம் புன்னகைக்கலாம். ஆனால், சொல் கிடைக்கவில்லை என்று அவர் பாடத்தை நிறுத்தவில்லை.

இலண்டனிலோ, புத்தகங் கட்டும் தொழிலாளியாக இருந்து விஞ்ஞானியாக உயர்ந்த மைக்கேல் பரடே, ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்து, அது எரிவதைக் கொண்டே சிறுவர்களுக்கு இரசாயனமும் பௌதிகமும் விளக்கினார். 1861ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த அவ்விரிவுரைகளை முதியோரும் விரும்பிப் படித்தனர். மெழுகுதிரி இல்லாத வீடு எது?

நான் மிஷன் பாடசாலையொன்றிற் கற்றவன். கிரகணத்தின் படத்தைக் கொப்பியில் அழகாக வரைந்து முழுப் புள்ளியும் பெற்றேன். ஆயினும், கிரகணம் நிகழ்ந்த இரவொன்றில் என் பாட்டியார், “ஏன் தம்பி, ஒவ்வொரு பூரணைக்கும் கிரகணம் வருவதில்லை?” என்று கேட்டபோது விடை கூற இயலாது விழித்தேன். சந்திரனின் பாதை சற்றுச் சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பூரணைகளில் அது பூமியின் நிழலுக்கு மேலோ கீழோ சென்றுவிடுகிறது. அதனைப் பின்னரே அறிந்தேன். புதுச்சேரிப் பெரியாரிடம் சோழியாவது இருந்தது. என்னிடம் இருந்தது கொப்பி ஒன்றே.

ஆகவே நம் சங்கத்தாருக்கு இரு விண்ணப்பங்கள் செய்கின்றேன். ஏப்ரல் 8, 9ஆம் திகதிகளில், புத்தாண்டுக்குச் சில நாள் முன்னர், நம் கலகெதரையில் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கோயில் முற்றத்தில் நேரான கோல் ஒன்றை நாட்டுவோம். நம் கணித நூல்கள் அதனைச் சங்கு என்னும். நிழல் ஒடுங்குவதைச் சிறுவர்கள் அளக்கட்டும். அது மணி 12க்கு மறையாமல் ஏறக்குறைய 10 நிமிடம் பிந்தி மறைவது ஏன் என்று உயர்வகுப்பு மாணவர் விளக்கட்டும். 

இரண்டாவது, இனி இங்கே தென்படும் கிரகணத்தன்று பெரியோர்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணித பஞ்சாங்கத்தையும் எடுத்து வாருங்கள். இரண்டிலும் உள்ள நேரங்களைப் பலகையில் எழுதிவிட்டு, எல்லோரும் சேர்ந்து வானத்தைப் பார்ப்போம். எது பொருந்தினும் அது நமக்கு வெற்றியே. பிழையைத் தாமே கண்டு திருத்துவோர் முன் எவரும் நம் அறிவை இகழ்ந்து பேச இயலாது.