பொழுது சாய்ந்தால் வெளியே: ரமணாசிரமம் பகுதியில் யார் எங்கே தங்கினார்கள்?

ஐரோப்பா டூர் போற நண்பர்களைப் பார்த்திருப்பீங்க. எந்த ஏரியாவுல ரூம் எடுக்கலாம், ஒரே நாள்ல எந்த ஊருக்குப் போயிட்டு வரலாம்னு மாசக்கணக்குல ஆராய்ச்சி நடக்கும். திருவண்ணாமலைன்னா மட்டும் பையைத் தூக்கிட்டு பஸ் ஏறிடுவோம். ஆனா ரமணாசிரமம் பக்கம் ‘ராத்திரி எங்க தங்குறது’ங்கிற கேள்விக்கு ஒரு வரலாறே இருக்கு.

பெரிய கோயிலிலிருந்து செங்கம் ரோட்டில் சுமார் 2 கிலோமீட்டர் வந்தால் ஆசிரமம். 1922-இல் ரமணரின் தாய் அழகம்மாள் இறந்தபோது அவரை மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அதைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. அப்போ அங்க ஹோட்டல் எதுவும் கிடையாது.

1931-இல் பால் பிரண்டன் லண்டனிலிருந்து வந்தபோது ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடிசை அவருக்குக் கிடைத்தது. 1934-இல் வெளிவந்த அவருடைய புத்தகம்தான் வெள்ளைக்காரர்களை இந்த ஊருக்கு அழைத்து வந்தது. அடுத்த வருஷம் வந்த மேஜர் சாட்விக் ஆசிரமத்துக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டார். 1938-இல் சாமர்செட் மாம் வந்தது சுத்தமான டே ட்ரிப். சில மணி நேரம், அதிலும் கொஞ்ச நேரம் மயக்கம் போட்டு சாட்விக் அறையில் படுத்திருந்தார். ரமணரே அங்கே போய்ப் பார்த்தார். அந்தச் சில மணி நேரத்தை வைத்து அவர் ஒரு நாவலுக்கு குரு பாத்திரம் செய்துகொண்டது வேறு கதை.

இவங்க எல்லாரும் ஆண்கள். கவனிச்சீங்களா?

அன்றைய விதிப்படி பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்கக் கூடாது. பகலெல்லாம் ஹாலில் உட்காரலாம், சமையலறையில் வேலை செய்யலாம். பொழுது சாய்ந்தால் கிளம்பணும். நிர்வாகம் ரமணரின் தம்பி நிரஞ்சனானந்த சுவாமி கையில் இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்து போட்ட விதின்னுதான் எனக்குத் தோணுது. காரணம் எதுவானாலும், ஒரு தாயின் சமாதியைச் சுற்றி எழுந்த இடத்தில் ஒரு பெண் ராத்திரி தங்க முடியாது என்பது எனக்கு இன்னும் உறுத்துது.

அப்போ அவங்க எங்க போனாங்க? வெளியே. 1941-இல் வந்த சூரி நாகம்மா வெளியே வீடு எடுத்துத் தங்கி, பகலில் ஆசிரமத்தில் பார்த்ததையும் கேட்டதையும் தெலுங்கில் கடிதங்களாக எழுதினார். இன்றைக்கு அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ள நாம் புரட்டுவது அவற்றைத்தான். இரண்டாம் உலகப் போரில் ஆர்தர் ஆஸ்பர்ன் பாங்காக்கில் ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, அவர் மனைவி லூசியா மூன்று குழந்தைகளோடு இங்கேதான் இருந்தார். மோர்வி சமஸ்தானத்து ராஜா பேரில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு விருந்தினர் விடுதி எழுந்தது. வீடு வீடாக ரமண நகர் வளர்ந்தது. இன்னைக்கு நீங்க ஆன்லைன்ல புக் பண்ற ரூம்கள் நிறைய இருக்கிறது அந்த ‘வெளியே’தான்.

இப்போது அந்த விதி இல்லை. பெண்களும் தங்கலாம். ஆசிரம அறைக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் ரொம்ப முன்கூட்டியே எழுதிக் கேட்கணும். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் வாடகை எகிறும். 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கத்தான் வர்றீங்கன்னா சரி, இல்லைன்னா அந்தத் தேதிகளைத் தவிருங்க. கோயில்தான் முக்கியம்னா மாட வீதிப் பக்கம் ரூம் எடுங்க. காலையில மலையேறணும்னா ரமண நகர். ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்தே ஸ்கந்தாசிரமத்துக்குப் பாதை போகுது; மேலே நின்றால் நாலு கோபுரமும் தெரியும்.

ஒரு நாள் கூடுதலா இருந்தா எல்லாரும் செஞ்சிக் கோட்டையைச் சொல்வாங்க. 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை, 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. விடியற்காலையே கிளம்பிடுங்க, ராஜகிரிப் படிகள் வெயிலில் ஆளைக் கொன்னுடும்.

என்னைக் கேட்டா திருக்கோவிலூர். சுமார் 35 கிலோமீட்டர். 1896 ஆகஸ்ட் கடைசியில், மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த பதினாறு வயசு வேங்கடராமன், கையில காசு தீர்ந்து, அந்தப் பக்கத்து அறையணிநல்லூர் கோயிலுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தான். நடை சாத்தணும், வெளியே போன்னு சொல்லிட்டாங்க. அடுத்து கீழூர் வீரட்டேஸ்வரர் கோயில். அங்கேயும் தங்க இடமில்லை. மேளம் வாசிப்பவர் ஒருத்தர்தான் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். மறுநாள் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கி, ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு, செப்டம்பர் 1 காலை ரயிலில் திருவண்ணாமலை வந்து இறங்கினான். அந்த ரெண்டு கோயிலையும் ஒரே நாள்ல பார்த்துடலாம். முடிஞ்சா திரும்பி வரும்போது ரயில்லயே வாங்க, அது அவன் வந்த அதே பாதை. வந்த புதிதில் அவன் தங்கியது ஆயிரங்கால் மண்டபத்தில்; கிழக்கு ராஜகோபுரம் வழியா உள்ளே நுழைஞ்சதும் வலது கைப் பக்கம்.