மாட்டுங்கா வரை வந்த பரமபதம்

பரமபத சோபன படம் உயிரின் பயணத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் ஆட்டப் படம். கீழ் வரிசைகளில் விலங்குப் பிறவிகள், உச்சியில் வைகுண்டம். தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் படத்தில் 132 கட்டங்கள் உண்டு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க இதை ஆடுவது வழக்கம்.

தாயக்கட்டையையோ சோழியையோ உருட்டி, விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துவதைத் தவிர ஆடுபவருக்கு வேறு வேலை கிடையாது. ஆகவே இந்த ஆட்டத்தின் திறமை முழுவதும் படம் வரைந்தவருடையது. எந்தக் கட்டத்தில் ஏணியின் அடி, எந்தக் கட்டத்தில் பாம்பின் தலை என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். ஏணிகள் புண்ணியங்களுக்கு உரியவை. பாம்புகளுக்குப் பாவங்களின் பெயரோ அசுரர்களின் பெயரோ இருக்கும். மிக நீளமான பாம்பு மேல் வரிசைகளில், வைகுண்டத்துக்கு அருகிலேயே படுத்திருக்கும். கரையேறப் போகிறவனைத்தான் அது அடிவரிசைக்குத் தள்ளும். நள்ளிரவுக்கு மேலும் யாருக்கும் தூக்கம் வராததற்கு அந்த ஒரு பாம்பு போதும்.

வடஇந்தியாவில் இதன் உறவான ஞான சௌபட்டில் சமணர் 84 கட்டங்களும் வைணவர் 72 கட்டங்களும் வரைந்தனர். கிடைத்துள்ள பழைய படங்கள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மராட்டியர் மோட்சபட் என்ற தங்கள் வகை ஆட்டத்தை 13-ஆம் நூற்றாண்டின் ஞானேஸ்வரர் உருவாக்கியதாகச் சொல்வார்கள்; ஆனால் அவர் காலத்துப் படம் எதுவும் கைக்கு வரவில்லை. எப்படியிருந்தாலும், மும்பைக்குக் குடிபெயர்ந்த தமிழருக்கு இங்கே இந்த ஆட்டத்தின் உறவு ஒன்று ஏற்கெனவே இருந்தது.

1896-இல் மும்பையைப் பிளேக் தாக்கியபின் 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதிகளை மனைகளாகப் பிரித்தது. அலுவலக வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறின. பின்னர் செம்பூருக்கும் பரவின. ஏகாதசி விரதமும் அவர்களோடு வந்தது. பூஜைப் பொருள்களும் சுலோகப் புத்தகங்களும் விற்கும் கிரி டிரேடிங் ஏஜென்சி 1951-இல் மாட்டுங்காவில்தான் தொடங்கியது. தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அந்தச் சீமையில் தாயக்கட்டை உருட்டி ஆடும் இன்னோர் ஆட்டமான தாயக்கட்டத்தைத் தரையிலேயே கரித்துண்டாலோ சாக்பீஸாலோ வரைந்துகொள்வார்கள். அச்சிட்ட படம் தேவையில்லை.

இந்த ஆட்டம் கடல் கடந்தபோது உருமாறியது. 1890-களில் இங்கிலாந்தில் அச்சாகி விற்ற பாம்பும் ஏணியும் வைகுண்டத்தை விட்டுவிட்டு நீதிபோதனையை மட்டும் வைத்துக்கொண்டது. 1943-இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையும் எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டம் வேறு வழியில் போனது. அதில் நிலவறையின் வரைபடம் ஆட்டத்தை நடத்துபவரிடம் மறைவாக இருக்கும்; எந்தக் கதவைத் திறப்பது என்பது ஆடுபவரின் விருப்பம். பரமபதத்தில் எல்லாமே கண்முன் விரிந்து கிடக்கும், விருப்பத்துக்குத்தான் இடமில்லை.

பழைய அச்சையே திரும்பத் திரும்ப நகலெடுத்த மலிவுப் பரமபதப் படங்களில் கட்டங்களின் பெயர்கள் மங்கிவிடுகின்றன. வாங்குகிறவர்கள் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.