கூஸ்தோ பார்த்த சீஷெல்ஸ்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் கூஸ்தோ பழகிய பெயர். 1956இல் கான் விழாவில் உயர்ந்த பரிசு வாங்கிய அவருடைய படத்தில், சீஷெல்ஸின் அசம்ஷன் தீவருகே ஒரு களவா மீன் முக்குளிப்பவர்கள் பின்னால் நாய்க்குட்டி மாதிரி சுற்றும். மீன்களைக் கணக்கெடுக்கப் பவளத்திட்டில் வெடி வைத்த காட்சியும் அதிலேயே உண்டு. அன்று யாரும் முகம் சுளித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வெடியைவிடப் பெரிய அடி 1998இல் விழுந்தது. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி, கடல்நீர் சூடானால் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகும். மாஹே, பிராலேன் பக்கம் உயிருள்ள பவளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போயிற்று. தேறி வரும்போது 2016இல் மறுபடியும் வெளுப்பு.

இன்று அங்கே முக்குளிப்பவர்களுக்குக் கருங்கல் பாறைகளும் மீன் கூட்டமும் குறைவில்லை. கூசின் தீவருகே, கயிற்றில் வளர்த்த 24,000க்கும் மேற்பட்ட பவளத் துண்டுகளை நட்டார்கள். பரப்பு, நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர்.