ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் மாவட்டத்தின் ஆவடியில் உள்ள ஒன்றிய அரசின் டாங்கித் தொழிற்சாலை. 1961இல் நிறுவப்பட்ட இதை வட்டாரத்தில் ‘எச்.வி.எஃப்.’ என்றும் ‘டேங்க் ஃபேக்டரி’ என்றும் சொல்வார்கள். விஜயந்தா, அஜேயா எனப்படும் டி-72, பீஷ்மா எனப்படும் டி-90, அர்ஜுன் ஆகிய டாங்கிகள் இங்கே உருவாயின. பாகிஸ்தானுடனும் சீனாவுடனும் எல்லைப் பதற்றம் கூடிய காலங்களில் டாங்கிப் படையை வலுப்படுத்த இந்திய அரசு எடுத்த முடிவுகள் பலவும் இந்த ஆலைக்கு வேலையாக வந்து சேர்ந்தன. ஆனால் ஒரு டாங்கி செய்ய முடிவெடுக்கும் ஆண்டுக்கும் அது படையில் சேரும் ஆண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி உண்டு. அதனால் எந்த நெருக்கடியை எண்ணி ஒரு டாங்கி தீர்மானிக்கப்பட்டதோ, அந்த நெருக்கடி கடந்த பிறகே அது பெரும்பாலும் படைக்குக் கிடைத்தது.

பின்னணி

1954 மே மாதம் பாகிஸ்தானும் அமெரிக்காவும் பாதுகாப்பு உதவி ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பயனாகப் பாகிஸ்தான் படைக்கு நூற்றுக்கணக்கான பேட்டன் டாங்கிகள் கிடைத்தன. 1950களின் இறுதியில் இந்தியாவிடம் இருந்தவை இரண்டாம் உலகப் போர்க்கால ஷெர்மன்களும் பிரிட்டனிடம் வாங்கிய செஞ்சூரியன்களும் பிரான்சின் இலகு ரக ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளுமே. சொந்தமாக டாங்கி செய்யும் ஆலை நாட்டில் எங்கும் இல்லை. வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 1961இல், பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் டாங்கி வடிவமைப்புக்கும் உற்பத்திக்குமான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைக்கு ஆவடி தேர்வாயிற்று.

படைத்துறை இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. பூந்தமல்லி பிரிட்டிஷ் காலத்தில் ஆங்கிலப் படையினரின் கண்டோன்மென்ட்டாக இருந்தது. ஆவடியிலும் பட்டாபிராமிலும் இரண்டாம் உலகப் போரின்போதே படைக் கிடங்குகள் எழுந்தன. அரக்கோணம் செல்லும் ரயில் பாதையும் சென்னைத் துறைமுகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மேற்கு, வடக்கு எல்லைகளில் இருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஆலை அமைந்தது.

1962 போரும் அரசின் எதிர்வினையும்

ஆலை கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1962 அக்டோபர் 20 அன்று சீனப் போர் தொடங்கியது. அதே மாதக் கடைசியில் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகள் சில விமானத்தில் ஏற்றப்பட்டு லடாக்கின் சுஷூலில் இறக்கப்பட்டன. உயர்மலையில் டாங்கி எதற்கு உதவும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்கான விடைத் தேடல் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஆவடிக்கு வந்தது.

தோல்வியை அடுத்து மேனன் பதவி விலகினார், ஒய்.பி. சவாண் பாதுகாப்பு அமைச்சரானார். 1962 நவம்பரில் பாதுகாப்பு உற்பத்தித் துறை தனியாக அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செலவு பெருமளவு உயர்ந்தது. மலைப்போருக்கு ஏற்ற குளிர்கால உடை படையினரிடம் போதிய அளவு இல்லாதது பெருங்குறையாகப் பேசப்பட்டது. படையினருக்கான உடைகளைத் தைக்கும் ‘ஓ.சி.எஃப்.’ என்ற உடைத் தொழிற்சாலையும் ஆவடியில் இயங்கிவருகிறது.

விஜயந்தா

விக்கர்ஸ் வடிவமைத்த டாங்கிக்கு இந்தியாவில் இடப்பட்ட பெயர் விஜயந்தா. ஏறக்குறைய 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, நால்வர் கொண்ட குழு என்பன அதன் முதன்மை விவரங்கள். ஆவடியில் உருவான முதல் விஜயந்தா 1965 இறுதியில் வெளிவந்தது. அதற்குள் அந்த ஆண்டின் இந்திய-பாகிஸ்தான் போர் முடிந்துவிட்டது. செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பேட்டன்களைத் தகர்த்தவை செஞ்சூரியன்களும் ஷெர்மன்களும் பின்னுதைப்பற்ற பீரங்கிகளுமே. எந்தப் பேட்டனை எதிர்கொள்ள விஜயந்தா தீர்மானிக்கப்பட்டதோ, அந்தப் பேட்டனின் பெரும் தோல்வியை அது பார்க்கவில்லை.

இருந்தாலும் அந்தப் போர் ஆலையின் தேவையை முன்னைவிட உறுதியாக்கியது. போரின்போது அமெரிக்காவும் பிரிட்டனும் இரு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தின. வெளியில் இருந்து உதிரிப்பாகம் வராவிட்டால் இருக்கும் டாங்கியும் ஓடாது என்பது தெளிவாயிற்று. இந்தியா சோவியத் ஒன்றியத்தின் டி-54, டி-55 டாங்கிகள் பக்கம் திரும்பியது. ஆவடியில் விஜயந்தாவின் பாகங்களை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சியும் தொடர்ந்தது. 1980களின் தொடக்கம் வரை ஏறக்குறைய 2,200 விஜயந்தாக்கள் உருவாயின. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இந்த டாங்கி களம் கண்டது. பின்னாளில் இதன் அடிச்சட்டத்தின் மீது 130 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றிய ‘கேட்டபல்ட்’, ஓடைகளின் குறுக்கே பாலம் விரிக்கும் ‘கார்த்திக்’ ஆகிய வாகனங்கள் உருவாயின.

அர்ஜுன்

1971 வெற்றிக்குப் பிறகு, 1974இல், முழுக்க உள்நாட்டில் வடிவமைத்த டாங்கிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. தொடக்க ஒதுக்கீடு 15.50 கோடி ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆவடியில் உருவான போர் வாகன ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனம் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றது. சி.வி.ஆர்.டி.இ. என்று அறியப்படும் இது பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பின் ஆய்வகம்.

படையின் எதிர்பார்ப்புகள் இடையிடையே மாறின. எடை கூடிக்கொண்டே போனது. எஞ்சின் ஜெர்மனியில் இருந்து வந்தது. முதல் அர்ஜுன்கள் படையிடம் சேர்ந்தது 2004இல், அதாவது ஒப்புதல் கிடைத்து முப்பது ஆண்டுகள் கழித்து. 124 டாங்கிகள் செய்யப்பட்டன. 2010இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனையும் டி-90ஐயும் ஒருசேர ஓட்டிச் சோதித்தார்கள். மேம்படுத்தப்பட்ட அர்ஜுன் எம்.கே.-1ஏ டாங்கியைப் பிரதமர் நரேந்திர மோதி 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் படைத் தளபதியிடம் ஒப்படைத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆவடி ஆலைக்கு ஆணை தரப்பட்டது.

சோவியத், ரஷ்ய டாங்கிகள்

அர்ஜுன் தாமதப்பட்ட இடைவெளியைச் சோவியத் டாங்கிகள் நிரப்பின. 1980களின் பிற்பகுதியில் டி-72 உரிம உற்பத்தி ஆவடியில் தொடங்கியது. அவற்றுக்கான எஞ்சின்களைச் செய்ய 1987இல் பக்கத்திலேயே தனி எஞ்சின் தொழிற்சாலை எழுந்தது.

1996இல் பாகிஸ்தான் உக்ரைனிடம் 320 டி-80யு.டி. டாங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. 1999 கார்கில் போர் மலைமுகட்டில் நடந்தது. டாங்கிகளுக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஆயினும் சமவெளியில் டாங்கி வலிமை சமமாக இருக்க வேண்டும் என்ற கவலை வலுத்தது. 2001இல் ரஷ்யாவுடன் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 124 டாங்கிகள் முழுமையாக வந்தன. மீதி 186 டாங்கிகள் பாகங்களாக வந்து ஆவடியில் பொருத்தப்பட்டன. ஆவடியிலேயே உற்பத்தியான டி-90 டாங்கிகளின் முதல் தொகுதி 2009 ஆகஸ்டில் வெளிவந்தது.

லடாக் பதற்றமும் இலகு ரக டாங்கியும்

2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் இந்தியப் படையினர் 20 பேர் உயிரிழந்தனர். அரசு கிழக்கு லடாக்குக்கு டி-72, டி-90 டாங்கிகளை அனுப்பியது. பாங்காங் ஏரியின் தென்கரை மலைகளில் ஆகஸ்ட் இறுதியில் இரு தரப்பு டாங்கிகளும் எதிரெதிரே நின்றன. ஆவடியில் செய்த, 46 டன்னைத் தாண்டும் டி-90 பாலைவனத்துக்கும் சமவெளிக்கும் ஏற்றது. மெல்லிய காற்றில் எஞ்சின் திணறும். குறுகிய பாலங்கள் எடை தாங்கா. சீனாவிடம் மலைப்பகுதிக்கென்றே செய்த டைப்-15 இலகு ரக டாங்கி இருந்தது.

இதற்கு மறுமொழியாக உருவானதே ‘ஜோராவர்’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லடாக்கை வென்ற டோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் பெயர் தாங்கிய இந்த 25 டன் டாங்கியை ஆவடியின் சி.வி.ஆர்.டி.இ.யும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. குஜராத்தின் ஹசிராவில் 2024 ஜூலையில் முதல் மாதிரி காட்டப்பட்டது. அந்த ஆண்டே பாலைவனத்திலும் 4,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள லடாக்கிலும் சோதனை ஓட்டங்கள் நடந்தன. அர்ஜுனுடன் ஒப்பிட்டால் இந்த வேகம் பெரிது. வடிவமைப்பு ஆவடியிலும் தயாரிப்பு தனியார் ஆலையிலும் அமைந்தது இதில் புதிது.

நிர்வாக மாற்றம்

கனரக வாகனத் தொழிற்சாலை நெடுங்காலம் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் கீழ் இருந்தது. வாரியத்தை நிறுவனங்களாக மாற்றும் திட்டத்தை எதிர்த்துப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சங்கங்கள் 2019 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தன. அரசு பின்வாங்கவில்லை. 2021இல் அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அதிகாரம் தந்தது. அக்டோபர் 1 முதல் வாரியம் கலைந்து ஏழு பொதுத்துறை நிறுவனங்களாயிற்று. கனரக வாகன, எஞ்சின் ஆலைகள் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகம் நிறுவனத்திலும், உடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்திலும் சேர்ந்தன.

வட்டாரத் தாக்கம்

ஆலை வந்த பின் ஆவடியைச் சுற்றி எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப். குடியிருப்புகளும் அவற்றின் பெயரிலேயே கேந்திரிய வித்யாலயா பள்ளிகளும் எழுந்தன. விமானப் படை நிலையமும் மத்திய ரிசர்வ் காவல் படை வளாகமும் இங்கே உண்டு. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரை செல்லும் மின்சார ரயில் இன்றும் படைக்கிடங்கின் பெயரைச் சுமந்தே ஓடுகிறது. 1960களில் அரசு அமைத்த அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு ஆலைகள் கார், மோட்டார் பாகங்களோடு பாதுகாப்புத் துறைக்கான பாகங்களையும் செய்து தருகின்றன. 2018இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை. ஆவடி 2019இல் மாநகராட்சியானது.

தற்போதைய பணிகள்

2025 மார்ச்சில் டி-72 டாங்கிகளுக்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின்களை வாங்க ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்போதுள்ள எஞ்சின் 780 குதிரைத்திறன் கொண்டது. எஞ்சினைச் செய்யும் தொழில்நுட்பத்தை ஆவடி ஆலைக்குக் கைமாற்றுவதும் ஒப்பந்தத்தில் அடங்கும். 1970களின் இறுதியில் வாங்கத் தொடங்கிய டாங்கியை இன்னும் பல்லாண்டுகள் எல்லையில் ஓட வைப்பதும், புதிதாக 118 அர்ஜுன்களைச் செய்து முடிப்பதும் இந்த ஆலையின் தற்போதைய பணிகளில் அடங்கும்.