இடது காலுக்கு வந்த வேலை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே பந்தயக் கார்களின் சரித்திரத்தைப் பயமில்லாமல் படிக்கிறேன்.

1966-இல் ஜிம் ஹால் என்ற டெக்ஸாஸ்காரர், தமது ஷாப்பரல் 2இ காரின் பின்புறம் இரண்டு கம்பங்களை நட்டு, ஆகாய விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல ஒன்றைப் பொருத்தினார். விமானத்தை மேலே தூக்கும் காற்று, இந்தக் காரைத் தரையோடு அழுத்திற்று. வளைவில் அது நல்லது. நேர்ப் பாதையிலோ வேகத்தைத் தின்றுவிடும். அந்தக் காரில் கிளட்ச் மிதி கிடையாது. சும்மா இருந்த இடது காலுக்கு ஹால் ஒரு வேலை கொடுத்தார். நேர்ப் பாதையில் மிதித்தால் இறக்கை படுத்துக்கொள்ளும். வளைவு வருமுன் காலை எடுத்தால் நிமிரும்.

காலைப் பழக்கிவிடலாம். மனத்தை? பயந்தால் வேகத்தைக் குறைப்பதுதானே மனித சுபாவம்! இங்கேயோ வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. தயங்கி மெள்ளப் போகிறவனுக்குப் பிடிப்பும் குறைந்துவிடும். பிரேக்கையும் வேகம் இருக்கும்போதே ஓங்கி மிதித்து, வேகம் குறையக் குறையக் காலைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் உருளாமல் வழுக்கும்.

மற்றவர்களும் இறக்கை கட்டினார்கள். 1969 மே 4-ஆம் தேதி, பார்ஸிலோனாவில், லோட்டஸ் கார்களின் இறக்கைகள் ஓட்டத்திலேயே முறிந்தன. முதலில் கிரஹாம் ஹில். சற்றுப் பொறுத்து, அதே இடத்தில், யோகன் ரிண்ட். இருவரும் பிழைத்தார்கள். அந்த மாதமே மொனாக்கோவில், பந்தயத்துக்கான பயிற்சி தொடங்கிய பிறகு, உயர்ந்த இறக்கைகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். காயம்பட்ட ரிண்ட், இறக்கையே கூடாதென்று பகிரங்கக் கடிதம் எழுதினார்.