நாங்கள் லே போகாத கதை

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது என்னவோ, "நீங்க நாலு பேரும் புல்லட்ல லே போனீங்களே, அதை எழுதிக் குடுங்க" என்றுதான். ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொல்வார். கைதட்டல் விழும். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் கழித்து இந்த மலரிலாவது வரலாற்றைத் திருத்திவிடலாம் என்று துணிந்துவிட்டேன். நண்பர்களே, நாங்கள் லே போகவில்லை. லேவுக்கு இன்னும் சுமார் 250 கிலோமீட்டர் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டோம்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோவேறு கழுதைப் பாதை

மணாலியிலிருந்து லே போகும் வழி நேற்று முளைத்ததல்ல. பஞ்சாபின் ஹோஷியார்பூர் வணிகர்கள் குலு, லாஹூல் வழியாகக் கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி லே கடைவீதிக்குப் போனார்கள். மத்திய ஆசியாவின் யார்க்கந்திலிருந்து வந்த வணிகர்களை அங்கே சந்தித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். 1870-ல் ஆங்கிலேய அரசும் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்கும் ஒரு வணிக ஒப்பந்தமே செய்து, லாஹூல் எல்லையிலிருந்து லே வழியாக யார்க்கந்த் போகும் வழியைச் சுங்கமில்லாத பாதை ஆக்கினார்கள்.

கழுதைப் பாதை மோட்டார் சாலை ஆனதற்குக் காரணம் வியாபாரம் இல்லை, எல்லைப் பிரச்னை. எல்லைச் சாலைகள் அமைப்பு 1960 மே 7-ல் தொடங்கியது. இமாசலப் பக்கம் வேலை செய்ய 'தீபக்' என்ற பிரிவு 1961-ல் வந்தது. அடுத்த வருஷமே சீனப் போர். லடாக்கின் சாலைகளுக்கென்று 'ஹிமாங்க்' என்ற தனிப் பிரிவு 1985-ல் ஏற்பட்டது. 1989 வாக்கில்தான் மணாலி–லே சாலை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது. நாங்கள் போனது 1995 ஆகஸ்டில். ஆக, சாலைக்கும் அப்போது சின்ன வயசுதான், எங்களைப் போலவே.

நாங்கள் ஏறிப்போன வண்டிக்கும் இதே எல்லைக் கதைதான். ரோந்துக்காக ராணுவம் புல்லட்டை விரும்பி வாங்கியது. அதனால் 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். இங்கிலாந்தில் 1970-ல் உற்பத்தி நின்றுபோன பிறகும், திருவொற்றியூரில் டப டப சத்தம் நிற்கவில்லை. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று இருந்த அந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

புறப்பாடு

நாலு பேர், மூன்று புல்லட். பெட்ரோலை வடித்துவிட்டு, வைக்கோலும் கோணியும் சுற்றி, சென்ட்ரலில் பார்சல் போட்டு டெல்லியில் எடுத்தோம். எங்களில் ஒருவன் நம் ஹாக்கி டீம் கோல்கீப்பர். இரண்டாமவன் வண்டி மெக்கானிசம் தெரிந்தவன். மூன்றாமவன் ஹிந்தி பிரசார சபாவில் ராஷ்டிரபாஷா வரை பாஸ் செய்தவன். அதனால் வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும் அவனை என் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். நான் 'தலைவர்'. என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நானே ஆனது.

மணாலியில் ஒரு ராத்திரிதான் தங்கினோம். மறுநாள் 3,978 மீட்டர் ரோதாங் கணவாய் ஏறி இறங்கிக் கேலாங்கில் படுத்தோம். ரோதாங் என்றால் பிணக்குவியல் என்று பொருள் சொல்வார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மூன்றாம் நாள் தார்ச்சா தாண்டி பாராலாச்சா கணவாய், சுமார் 4,890 மீட்டர். வண்டிகள் மூச்சு வாங்கின. காற்று குறைய, கார்புரேட்டர் அதே பெட்ரோலை ஊற்ற, பிளக் கரி பிடித்துப்போனது. மெக்கானிக் நண்பன் ஊசியை ஒரு படி இறக்கி வைத்து ஓட்டினான். கணவாய் உச்சியில் கலர்க்கொடிகளுக்கு முன்னால் நாலு பேரும் நின்று போட்டோ எடுத்தோம். சந்திப்புகளில் நீங்கள் பார்த்த 'லே போட்டோ' அதுதான்.

வண்டிக்கு ஊசியை இறக்கத் தெரிந்த எங்களுக்கு, மனுஷ உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

சர்ச்சு ராத்திரி

அன்றிரவு சர்ச்சுவில் கூடாரம். உயரம் சுமார் 4,300 மீட்டர். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் 60 சதவீதம் அளவுதான் அங்கே. 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாங்கள் ஒரே நாளில் 1,200 மீட்டர் உயர்த்தியிருந்தோம். அட்டவணை போட்டவன் நான்தான்.

கோல்கீப்பருக்குத் தலைவலி, வாந்தி. "காஸ் ட்ரபிள்டா, சோடா கிடைச்சா சரியாயிடும்" என்றேன். எங்களில் திடகாத்திரமானவன் அவன்தான். மலை நோய் திடகாத்திரம் பார்த்து வருவதில்லை என்று அன்று தெரியாது. காலையில் எழுந்தவன் குடிகாரன் மாதிரித் தள்ளாடினான். ஷூ லேஸைக் கட்டத் தெரியாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "ஒரு மாத்திரையைப் போடு மச்சான், லே போய்ப் படுத்துக்கலாம்" என்றேன். லேவுக்குப் போக இன்னும் 5,300 மீட்டருக்கு மேல் ஒரு கணவாய் ஏற வேண்டும்!

பக்கத்தில் சாலை வேலைக்காரர்களின் தார்ப்பாய்க் கூடாரங்கள். டிரம்மில் தார் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். கையைப் பிடித்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். எங்கள் ராஷ்டிரபாஷா நண்பனிடம் ஏதோ சொன்னார். அவன் முகம் வெளுத்துவிட்டது. "போன வருஷம் இவர் ஊர்க்காரர் ஒருத்தர் இப்படித்தான் தள்ளாடினாராம். தூங்கினா சரியாப் போகும்னு விட்டுட்டாங்களாம். எந்திரிக்கவே இல்லையாம். உடனே கீழே கொண்டு போகச் சொல்றார்."

நான் அப்போதும் தயங்கினேன். இத்தனை தூரம் வந்துவிட்டு எப்படித் திரும்புவது என்று வாதம் செய்தேன். அந்த அரைமணி நேர வாதத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. பெரியவர் என்னோடு பேசவே இல்லை. சாலை நடுவில் போய் நின்று, மணாலிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினார்.

கீழே இறங்குவதற்கே முதலில் பாராலாச்சாவை ஏற வேண்டும். லாரியில் ராஷ்டிரபாஷா நண்பன் அவனை மடியில் போட்டுக்கொள்ள, நாங்கள் இருவரும் புல்லட்டில் பின்னாலேயே போனோம். கணவாயைத் தாண்டித் தார்ச்சா வந்ததும், "தண்ணி குடுடா" என்று அவன் தெளிவாகக் கேட்டான். கேலாங் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். "இன்னொரு ராத்திரி அங்கேயே இருந்திருந்தால்..." என்று டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, விட்டுவந்த வண்டியை எடுக்க நானும் ராஷ்டிரபாஷாவும் சர்ச்சு போனோம். தார்ப்பாய் மூடி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கயிறு கட்டி நின்றது. பெட்ரோல் ஒரு சொட்டுக் குறையவில்லை. வேலைக் கும்பல் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது, காவலுக்கு ஒரு பையன் மட்டும் இருந்தான். "போயிட்டு வாங்கடா" என்று கோல்கீப்பரே சொல்லி அனுப்பியிருந்தான். எங்களுக்கு மனசு வரவில்லை. மெக்கானிக் நண்பன் வந்து சேர்ந்ததும் வண்டியை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

பெயர் இல்லாதவர்கள்

அந்தப் பெரியவர் தும்கா பக்கத்துக்காரர் என்று பையன் சொன்னான். தும்கா அப்போது பீகாரில் இருந்தது, 2000-க்குப் பிறகு ஜார்க்கண்டில். கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட உயரமில்லாத ஊர். கோடை மாதங்களில் அங்கிருந்து வந்து, காதைத் துணியால் மூடிக்கொண்டு, 4,000, 5,000 மீட்டரில் கல் உடைத்துத் தார் போடுகிறவர்கள் அவர்கள். 2020 ஜூனில், கொரோனா காலத்திலும் தும்காவிலிருந்து தனி ரயிலில் அவர்களை லடாக் சாலை வேலைக்கு அனுப்பினார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் வெகுநேரம் வேறு வேலை பார்க்கவில்லை.

அதே வருஷம் அக்டோபர் 3-ல் ரோதாங்குக்கு அடியில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்தது. வழி 46 கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. நம் பிள்ளைகள் இப்போது சுலபமாகப் போய் வருகிறார்கள். போகட்டும். ஆனால் சுரங்கம் சீக்கிரம் கொண்டு போய்ச் சேர்க்குமே தவிர, உடம்பு பழக எடுத்துக்கொள்ளும் நாளைக் குறைக்காது. தலைவலி வந்தால் ஏறாதீர்கள். தள்ளாட்டம் வந்தால் இறங்குங்கள்.

1870 ஒப்பந்தத்தில் மகாராஜா பெயர் இருக்கிறது. சுரங்கத்துக்குப் பிரதமர் பெயர் இருக்கிறது. எங்கள் நண்பனைக் காப்பாற்றியவரின் பெயர் எங்களிடம் இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அதுதான் உண்மை.

கோல்கீப்பர் இந்தச் சந்திப்புக்குப் பேரனோடு வருகிறான். யாராவது மைக்கைப் பிடித்து 'லே போன கதை'யைச் சொன்னால், தயவுசெய்து இந்தத் தடவை திருத்திச் சொல்லுங்கள். நாலு பேர் போனோம், நாலு பேர் திரும்பி வந்தோம். சாதனை என்று சொல்வதானால் அது ஒன்றுதான். அதுவும் எங்களுடையது அல்ல.